அரை நாள் விடுதி

நேற்று பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் யாரோ ரூம் ஸ்பிரே அடித்தார்கள். எலுமிச்சை வாசனை. என் முறை வருவதற்குள் எழுந்து ஓடி, ரோட்டோரத்தில் நின்று வாந்தி எடுத்தேன். "முழுகாம இருக்கீகளா?" என்று கேட்டாள் வாசலில் பூ விற்கும் அம்மா. நாற்பத்தாறு வயதில் அந்தக் கேள்விக்குச் சிரித்திருக்க வேண்டும். நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த நாற்றம் மட்டும் போகவில்லை.

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றுக்கு நாம் கார்ப்பரேட் வீடியோ எடுக்கப் போனோமே, அப்போது மூக்கில் ஏறியது அது. நீ கேமரா, இடம் பார்ப்பது, ஆட்களிடம் பேசுவது எல்லாம் நான். நூல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் படம். மெஷின் ஹாலைப் பார்த்தோம். பச்சைப்பசேலென்று ஒரு காட்சி வேண்டும் என்றார்கள். அய்யனார் கோவில் ஆற்றோரம் வரை போய் வந்தோம். கடைசியாக, மில்லிலேயே தங்கி வேலை பார்க்கும் பெண்களின் விடுதி.

மேனேஜர் முன்னால் நடந்தார், கையில் ஸ்பிரே டப்பாவோடு. ஒவ்வொரு அறை வாசலிலும் புஸ்ஸென்று அடித்துவிட்டுத்தான் "வாங்க மேடம்" என்பார். அறைக்குப் பன்னிரண்டு பேர். காயாத துணிகள் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கின. கழிவறைப் பக்கம் வேண்டாம் என்றார். நீ போனாய். உன் பின்னால் நானும் வந்தேன். நான்கில் இரண்டுக்குக் கதவே கிடையாது. பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். அடைத்துக்கொண்ட தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. அதில் மிதந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மனிதர் அதன் மேலும் எலுமிச்சையை அடித்தார். நீ ஃபோனை எடுத்து வரிசையாகப் படம் பிடித்தாய். "எடம் பாக்க வந்தா எடுத்து வச்சுக்கிடுவோம் சார்" என்றாய், முகம் மாறாமல்.

"இது சரிப்படாது மேடம். வேற நல்ல ஹாஸ்டலாப் பாருங்க. அரை நாளைக்குக் கெடச்சாப் போதும். பிள்ளைகள பஸ்ல கூட்டியாந்துருதோம்" என்றார் மேனேஜர்.

தேடியது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில், புதிதாகக் கட்டி இன்னும் யாரும் குடிவராத ஒரு நர்சிங் கல்லூரி விடுதி அகப்பட்டது. ஜன்னலைத் திறந்தால் மலை. காலை வெயில் கட்டில்களின் மேல் சாய்ந்து விழுந்தது.

"எம்புட்டு அழகா இருக்கு பாருட்டி" என்றேன்.

"அழகாத்தான் இருக்கு. யாரு இதுல தங்குதான்னு கேக்காத வரைக்கும்" என்றாய்.

படப்பிடிப்பன்று நாற்பது பெண்களை இறக்கினார்கள். கடை மடிப்புக் கலையாத சீருடை. ஒருத்தி தலை பின்ன வேண்டும், ஒருத்தி புத்தகம் படிக்க வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். கான்சாபுரத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், கழிவறைக்குப் போனவள் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. மேனேஜர் கதவை இடித்தார். வெளியே வந்தபோது அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏட்டி, குளிக்கவா ஒன்னையக் கூட்டியாந்தோம்?" என்று கத்தினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "உள்ள தாப்பா இருந்துச்சுக்கா. அதான் குளிச்சிட்டேன்."

நீ கேமராவை நிறுத்தினாய். "நான் எடுக்கல. பஸ்ஸுக்குப் போறேன்" என்றாய். நான் கெஞ்சினேன். நீ படியிறங்கிப் போன பிறகு கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன். அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டச் சொல்லி, வேறு சீருடை போட வைத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். "சிரிம்மா" என்றேன். சிரித்தாள். படத்திலேயே நல்ல காட்சி அதுதான் என்று மில்காரர்கள் பாராட்டினார்கள். நன்றி என்று சொன்னேன்.

நீ ஃபோனில் இருந்த படங்களை அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாய். சோதனைக்கு ஆள் வந்தது. பத்து நாளில் கழிவறைக்குக் கதவு போட்டு, சாக்கடையைத் தோண்டிச் சரிசெய்தார்கள். மேனேஜர் எனக்குத்தான் ஃபோன் செய்தார். "படத்தக் குடுத்தது நீங்களா, அந்தம்மாவா? சொல்லலன்னா ரெண்டு பேரையும் இனி ஒரு மில்லுலயும் கூப்பிட மாட்டாக."

அவர் பேசி முடிக்குமுன் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். எனக்கு எதுவுமே தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அதன் பிறகு உன்னை எந்த மில்லும் அழைக்கவில்லை. தளவாய்புரத்தில் காதுகுத்தும் வளைகாப்பும் எடுத்துக்கொண்டிருந்தாய். எனக்கு வேலை குறையவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டே கேட்டாய்: "யாருட்டி எம்பேரச் சொல்லியிருப்பா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"சரி விடு. கதவு போட்டாச்சுல்ல" என்று சொல்லி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய். நாலு மாதத்தில் மூளையில் ரத்தக் கசிவு. மதுரை ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது உனக்கு நினைவில்லை. தெரிந்துதான் கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா என்று நான் கேட்க வழியில்லாமல் போயிற்று.

இப்போது எந்தக் கம்பெனிக்கு இடம் பார்க்கப் போனாலும் முதலில் கழிவறைக்குள் போகிறேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்கிறேன். சரியில்லையென்றால் வேலை வேண்டாம் என்று திரும்பிவிடுகிறேன். "ஒங்க சிநேகிதி மாதிரியே தைரியம் ஒங்களுக்கும்" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் செய்ததை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அதுவும், நீ பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு.