அளவுப் பலகையில் அப்பாவின் மீன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்த ஆய்வுக் கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், பால் பொங்கி வழிகிறது. உங்கள் கப்பல் எடுத்த மீன் கணக்கை வைத்து இந்தப் பருவம் மீன்பிடிக்கத் தடை போடப்போகிறார்களாம், வெள்ளிக்கிழமை முடிவு. போட்டால் நம் படகு கரையில்தான். கணக்கெடுத்தது உன் மகள்தானே என்று ஐஸ் உடைக்கிற மாமா வேறு சும்மா இருக்காமல் அப்பாவைச் சீண்டிவிட்டார்.

அவ்வளவுதான், உங்கப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். மீனே இல்லாத இடமாப் பார்த்து வலையைப் போட்டுட்டு மீன் குறைஞ்சிடுச்சுன்னு எழுதுவாளா, இனிமே அவ போனை நான் எடுக்க மாட்டேன் என்று குதித்தார். வருஷா வருஷம் அதே இடங்கள்ல அதே வலையைப் போட்டாத்தாம்ப்பா கூடுதா குறையுதான்னு தெரியும் என்று நீ சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறினால்தானே. நேற்று ஒரு தொட்டி நிறைய மீனோடு மீன்வள அலுவலகத்துக்குக் கிளம்பினார், தனியாக விட்டால் வம்பு என்று நானும் பின்னாலேயே ஓடினேன். மேஜைமேல் அப்படியே கவிழ்த்து, இதெல்லாம் மீனில்லாம வேற என்னவாம் என்றார். எனக்கு மானமே போயிற்று. அங்கிருந்த பெண் கோபப்படவே இல்லையடி. ஒவ்வொன்றாக அளவுப் பலகையில் வைத்து நீளம் பார்த்தாள், சிலவற்றின் வயிற்றைக் கீறிக் காட்டினாள். நிறைய இருக்குங்கய்யா, ஆனா எல்லாம் குஞ்சு, ஒண்ணுகூட இன்னும் முட்டை போட்டதில்லை, பெரிசெல்லாம் எங்கே என்று கேட்டாள். அப்பா குவியலைக் கிளறினார், மறுபடியும் கிளறினார். ஒன்றாவது அகப்படாதா என்று நானும் சேர்ந்து தேடினேன்.

வந்ததிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடக்கிறார். எனக்குப் பயம். கணக்கைக் கொஞ்சம் பார்த்துக் கூட்டிப் போடும்மா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன். பின்னால் நின்று படித்திருக்கிறார் மனுஷன். அந்த வரியை அடிச்சிடு என்றார். இந்தக் கடிதத்தின் உச்சியில் கறுப்பாய் அடித்திருப்பது அந்த வரிதான். அப்புறம், அடுத்த வருஷம் அவ கப்பல்ல வலை இழுக்க ஆள் வேணுமான்னு கேளு, அவ காட்டுற இடத்துலயே போடுறேன், மீன் இருந்தாலும் இல்லாட்டியும் என்றார்.

ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நல்லா இரு கண்ணு. வெள்ளிக்கிழமை முடிவு எதுவானாலும் வீட்டுக்குப் போன் செய். அப்பா எடுப்பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா