காலி மேடை காட்டிய எடை

12 பிப்ரவரி 2025, புதன்

தொலைநோக்கிக் கருவியில்தான் கோளாறு என்று இன்றைக்குத் தகவல் வந்தது. இதை நான் போன வருடமே சொன்னேன். பொங்கல் லீவுக்கு வந்த அக்கா மகள் மதுமதி, என் லாரி எடை மேடை ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பைக் காட்டினாளே, அப்போதே சொன்னேன்: “கோளாறு நட்சத்திரத்துல இல்ல சாமி, கருவியில.” எட்டாவதோடு நின்றவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

அவள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். விண்வெளித் தொலைநோக்கி பிடிக்கும் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துக் கோடாக வரைவார்கள். ஒரு நட்சத்திரத்தின் கோட்டில் ஓரிடத்தில் பள்ளம். அங்கே நீராவி என்று அர்த்தமாம். அவள் எழுதி வெளியான கட்டுரையும், வாங்கப்போகும் பட்டமும் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கின்றன.

நீராவி என்றால் ஜனங்களுக்கு இட்லிச் சட்டிதான் ஞாபகம் வரும். அதனால் மேடை வாசலில் அவளை வாழ்த்திப் பேனர் வைத்தபோது தண்ணீர் என்றே போட்டேன். டீக்கடையில் அது ஏரியாகிவிட்டது. பனமரத்துப்பட்டி ஏரி போல ரெண்டு.

15 பிப்ரவரி

போன் செய்தாள். “கட்டுரையத் திரும்ப வாங்கிட்டோமுங்க மாமா.”

“அளவு தெரிஞ்ச நட்சத்திரம் ஒண்ணு இருக்குமே, நம்ம முத்திரை போட்ட எடைக்கல்லாட்ட. அதை வெச்சுப் பாரு.”

“பாத்துட்டேனுங்க. அதுலயும் அதே பள்ளம்.”

மண் சேர்ந்தால் லாரி ஏறாமலே என் மேடை நாற்பது கிலோ காட்டும். கூட்டிவிட்டால் சரி. அவளுடையது பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். யார் போய்க் கூட்டுவது?

20 பிப்ரவரி

கருவியின் பள்ளத்தைக் கழித்துவிட்டார்களாம். நீராவி என்று எதுவும் மிச்சமில்லை.

2 மார்ச், ஞாயிறு

வந்திருக்கிறாள். அக்கா என்னிடம் பேசுவதில்லை.

முட்டை லாரி பொன்னன் மேடையில் நின்றபடி கேட்டான்: “ஏனுங்க அம்மணி, அந்தத் தண்ணிய நம்மூருப் பக்கம் திருப்பி உட முடியாதுங்களா?”

“அங்க தண்ணியே இல்லீங்ணா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் காலி எடையைச் சீட்டில் ரெண்டு தரம் எழுதினேன்.

மூன்று வருட வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். உதவித்தொகை ஜூன் வரைதான். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, விடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

9 மார்ச்

பேனரைக் கழற்றினேன். வெயிலில் அவள் முகம் வெளுத்து, என் முகம் மட்டும் தெரிந்தது.

முதலில் எழுதியது பொய். கோளாறு கருவியில் என்று நான் சொல்லவே இல்லை. அவள்தான் கேட்டாள்: “அளவு தெரிஞ்ச நட்சத்திரத்தோட ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்துட்டு கட்டுரைய அனுப்பட்டுங்களா மாமா?”

காலி எடை போடாமல் ஒரு லாரியையும் விடாதவன் நான். அன்றைக்குச் சொன்னது இதுதான்: “பேனர் அச்சுக்குப் போயிருச்சு சாமி. அனுப்பிரு.”