மாமி ஒறுத்த குளிசை

இன்று விபூதிப் புதன், மாமி. சுவாமியார் நெற்றியில் சாம்பல் பூசினபோது அந்தக் கருகிய குருத்தோலை மணம் மூக்கில் ஏறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனுசி ஒரு மாதிரிப் பார்த்தா. இந்தத் தவக்காலத்தில் ஆளாளுக்கு விருப்பமான ஒன்றை ஒறுங்கள், விட்டுவிடுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். சனம் இறைச்சியையும் சாராயத்தையும் நினைத்திருக்கும். எனக்கோ நீங்கள் ஒறுத்ததுதான் ஞாபகம் வந்தது. பிறகு வெளியே வந்ததும் களைத்துப்போய்க் கோயில் மதிலோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தேன்.

உங்கள் வருத்தம், அந்த நோய், எப்போது தொடங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கறுத்துக்கொண்டு வந்தீர்கள், பள்ளிமுனை வெயில் என்றோம். மெலிந்தீர்கள், வயசு என்றோம். கருவாட்டை ஊறப் போடாமல் சுட்டுத் தின்றீர்கள், கல்லுப்பை வாயில் போட்டுச் சூப்பினீர்கள். மாமிக்கு மசக்கை என்று நானே பகிடி விட்டேன். கதிரையை விட்டு எழும்பினால் தலை சுற்றி விழப்போகத் தொடங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே அந்த டொக்டர் பிள்ளை முதலில் உங்கள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தா. “சாத்திரமோ பாக்கிறா?” என்று என் காதுக்குள் கேட்டீர்களே. கை ரேகைகூடக் கறுத்திருந்தது.

சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். ஆள் எழும்பி நடக்கவும் ஒரு காய்ச்சலைத் தாங்கவும் வேண்டிய ஹோர்மோன் அங்கேதான் சுரக்குமாம். உங்களுடையவை வேலையை நிற்பாட்டிவிட்டன. அந்தக் குறையை நிரப்பத்தான் குளிசை, காலையில் சாப்பாட்டோடும் மத்தியானமும். டொக்டர் உங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னா: “அக்கா, சுகமாயிட்டுது எண்டு ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது. காய்ச்சல் வந்தால் நான் எழுதித் தந்த மாதிரிக் கூட்டிக் குடுங்கோ. சத்தி எடுத்து, குளிசை வயித்தில தங்கேல்லை எண்டால் வீட்டில வச்சுப் பாக்காதேங்கோ, உடனே கொண்டு வாங்கோ. ஊசி போட வேணும்.” எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொல்லி ஒரு அட்டையும் தந்தா.

குளிசை உங்களைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது. சோறு இறங்கியது. படலையில் நின்று மீன்காரனோடு சண்டை பிடித்தீர்கள். காலையில் நான் எடுத்துத் தர முந்தியே கை நீளும். “என்ர சீவன் இதுக்குள்ளதான் கிடக்கு” என்று சொல்லிச் சொல்லி விழுங்குவீர்கள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் அப்போது மாடாய் உழைத்தேன். விடிய முந்தி எழும்பிச் சமைத்து, உங்களுக்குக் குளிசை தந்து, நானாட்டான் கந்தோர் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடுவேன். மத்தியானக் குளிசைக்கு அங்கிருந்து போன் எடுப்பேன். உங்கள் மகன், என் மனுசன், மீன் பிடித்துவிட்டுக் கடலால் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். பின்னேரம் நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசற்படியில் குந்துவதை நீங்கள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த வருசத் தவக்காலம் பிறந்தது. காலையில் நான் வைத்த குளிசை கோப்பைத் தட்டில் இருக்காது, விழுங்கியாச்சு என்று நினைப்பேன். போன் எடுத்தால் போட்டாச்சு என்பீர்கள். வெள்ளிக்கிழமை சாப்பாடு வேண்டாம் என்றீர்கள், உபவாசம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வயிற்று நோ, சத்தி. மீன் சரியில்லை, உப்பும் சீனியும் கரைத்துக் குடு என்று அயலட்டை சொன்னது, நானும் டொக்டர் சொன்னதை விட்டுவிட்டு அதைக் கேட்டேன். ஞாயிறு விடிய உங்களுக்கு என் பேர் சொல்லக்கூட வாய் வரவில்லை, கை குளிர்ந்து கிடந்தது. மாதாவே என்று நான் வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றபோதுதான் கண்டேன். மாதாவின் காலடியில், பூவுக்குக் கீழே, புதன்கிழமையிலிருந்து நான் தந்த அவ்வளவு குளிசையும் குவியலாய்க் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓட்டோவில் உங்களை மடியில் கிடத்திக்கொண்டு வழி முழுக்க ஏசினேன். ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்ற முந்தியே அட்டையை நீட்டி, குளிசையை விட்டுட்டா, விட்டுட்டா என்று கத்தினேன். அது ஒன்றுதான் நான் அன்றைக்கு ஒழுங்காகச் செய்தது. உடனே ஊசி போட்டு சேலைன் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னா. மறுநாள் கண் முழித்து, பாணும் சம்பலும் கிடைக்குமோ என்று கேட்டீர்கள்.

பார்க்க வந்த சுவாமியார், வருத்தக்காரருக்கு ஒறுத்தலே கடமையில்லை, மருந்தை ஒறுக்கச் சொல்லி எந்தத் திருச்சபையும் சொல்லவில்லை என்று பொறுமையாய் விளக்கினார். நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினீர்கள். போனில் எனக்குப் பொய் சொன்னதற்கு அங்கேயே பாவசங்கீர்த்தனமும் செய்ததாகப் பிறகு நீங்களே சொன்னீர்கள். அவர் போனபிறகு நான் கேட்டேன், அப்படி யாருக்காக இந்த ஒறுத்தல், கடலில் கிடக்கிற மகனுக்கோ என்று. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

“உனக்குத்தான் பிள்ளை. நீ நல்லாக் களைச்சுப் போனாய். இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதலைக் குடு எண்டு மாதாவிட்டைக் கேட்டனான். சும்மா கேக்க ஏலுமோ? எனக்கு விருப்பமான சாமான் எண்டு வேற என்ன கிடக்கு?”

இனிமேல் நேர்த்தி வைக்கிறதென்றால் என்னைக் கேட்டுவிட்டு வையுங்கோ என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போற சாட்டில் வெளியே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு குளிசை தவறவில்லை. காய்ச்சல் வந்தபோது சொன்னபடி கூட்டினோம், இறங்கினதும் டொக்டர் சொன்னபடி குறைத்தோம். போன மாரியில் உங்கள் இருதயம்தான் நித்திரையில் நின்றது. குளிசையில் ஒரு பிழையும் இல்லை, நல்லாப் பார்த்தீர்கள் என்று டொக்டர் பிள்ளை என் கையைப் பிடித்துச் சொன்னா. இப்போதும் அயலில் யாராவது சுகமாகிவிட்டது, மருந்தை விடப்போகிறேன் என்றால் சண்டைக்குப் போகிறேன். கிளினிக்கில் கேட்காமல் விடாதேங்கோ என்று படலை வரைக்கும் பின்னால் போய்ச் சொல்கிறேன். எனக்கு விசர் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

செத்தவீட்டுக்கு வந்த சனம் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னது, இனி உனக்கு ஆறுதல் என்று. ஓம் மாமி, நீங்கள் கேட்டதை மாதா தந்துவிட்டா. விடிய முந்தி எழும்பத் தேவையில்லை, மத்தியானம் போன் எடுக்கத் தேவையில்லை. என்றாலும் அந்த நேரத்துக்குக் கண் முழிக்கிறது, எழும்பி வந்து தேத்தண்ணி ஊற்றுகிறேன். களைப்பு மட்டும் போகவில்லை. உங்களோடு இருந்த களைப்பைத் திருப்பித் தா என்று மாதாவிடம் கேட்கலாமென்றால், அதற்கு ஈடாக ஒறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.