உங்கள் முள்ளுக்காட்டில் தோட்டம் போட்டார்கள்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு பேர் படிக்கப்போகும் கடிதம் என்பதற்காக இப்போது புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா? அடுப்படியிலிருந்து கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். அப்போதே முதல் தடவை கூப்பிட்டால் உங்கள் காதில் விழாது. இப்போது எத்தனை தடவை கூப்பிட வேண்டுமோ தெரியவில்லை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பீர்க்கன்கரணை ஏரி இந்த வெயிலில் பாதி வற்றிவிட்டது. மீதிப் பாதியை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் இருந்த ஒரு வேப்பமரத்தையும் வெட்டிவிட்டுக் கார் நிறுத்த ஷெட் போட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகிறேன், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், வருகிறேன். ஒருத்திக்கு மட்டும் சமைக்கக் கை வரமாட்டேன் என்கிறது. வைத்த ரசத்தையே மறுநாளும் ஊற்றிக்கொள்கிறேன்.

உங்கள் காக்கிப் பேன்ட் இன்னும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அன்றைக்குக் காலையில் அதைப் போட்டுக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போனீர்கள், வந்தீர்கள், கழற்றி மாட்டினீர்கள். சாயங்காலம் நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலை நாம் தாண்டும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து உங்கள் துணிமணிகளையெல்லாம் கொடுத்தபோது இதை மட்டும் ஒளித்துவைத்துக்கொண்டேன். கால் பக்கமெல்லாம் நாயுருவி விதை ஒட்டியபடியே இருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து நம் நித்யா வரும்போதெல்லாம், "அம்மா, அந்தப் பேன்ட்டைத் துவைச்சாவது வையேம்மா" என்கிறாள். நாளைக்கு என்கிறேன்.

இந்த விதையால்தானே நமக்குள் பாதிச் சண்டை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருப்பேன்! "பல்கலைக்கழகத்துல புரொபசர்னு சொல்லித்தான் கட்டிவெச்சாங்க, புதர்ல படுத்து எழுந்த மாதிரி வந்து நிக்கறீங்க" என்பேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பிடுங்கினதைக் குப்பையில போட்டுடாதே விஜி. மடிச்சுக் குடு, நாளைக்குக் கொண்டுபோய்ப் போட்டுடறேன். அந்த இடத்துது அந்த இடத்துக்கே போகட்டும்" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பல்கலைக்கழக வளாகத்தின் பின்கோடியில் இருக்கும் அந்த முள்ளுக்காட்டை நீங்கள் இருந்தவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காரை, சூரை, களா, சங்கஞ்செடி என்று பெயர்களைத்தான் கேட்டிருக்கிறேன். ஆனி, ஆடியில் கைக்குட்டை நிறையக் களாக்காய் வரும், ஊறுகாய் போடுவேன். கௌதாரி கத்துவதை எனக்குக் கத்திக் காட்டுவீர்கள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அந்த மேட்டில் விழும் மழையை மண் குடித்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் அது நம் தெருவுக்குத்தான் வந்து நிற்கும் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் சொல்வீர்கள்.

இன்னொன்றும் சொல்வீர்கள். தாம்பரத்திலிருந்து அந்தக் கோடிவரைக்கும் அரை கிரவுண்டைக்கூட யாரும் சும்மா விடமாட்டார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, வீடு வேண்டும், பிழைப்பு வேண்டும். ஒரு நிலத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, என்ன வருகிறது, என்ன போகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பல்கலைக்கழகத்தால்தான் முடியும் என்று. "அதைச் செய்யலைன்னா நாங்க எதுக்கு இவ்ளோ பெரிய காம்பவுண்டு கட்டி உக்காந்திருக்கோம்?" என்று என்னைக் கேட்பீர்கள். என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? கேட்க வேண்டியவர்களையும் கேட்டீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

உங்களிடம் ஆராய்ச்சி செய்த பிரபாகரன் இப்போது உங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியர். போன மாதம் இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, சார் பேர்ல ஒரு பசுமைத் தோட்டம் சாங்ஷன் வாங்கிட்டேன். சார் பிறந்தநாள் அன்னிக்குத் திறப்பு. முதல் கன்னு நீங்கதான் நடணும்" என்றான். அவன் அழுத அழுகையை உங்கள் காரியத்தன்று பார்த்தவள் நான். பெற்ற பிள்ளை மாதிரி நின்றான். சந்தோஷமாகச் சரி என்றேன். எந்த இடம் என்றதற்கு, புது பிளாக்குக்குப் பின்னால் என்றான். அந்த பிளாக்கையே நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு உங்களுக்குப் பிடித்த அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு நித்யாவோடு போனேன். பந்தல் போட்டு, ரிப்பன் கட்டி, புது மண்வெட்டிக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். கறுப்புக் கவரில் வரிசையாகக் கன்றுகள். கன்று நடும் விழா என்றாலே உங்களுக்குச் சிரிப்புத் தாங்காதே. போன வருஷத்து விருந்தாளி நட்ட குழியிலேயே இந்த வருஷத்து விருந்தாளிக்கும் குழி தோண்டுவதை நடித்துக் காட்டுவீர்களே. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பந்தலைச் சுற்றி ஒரே செம்மண். அப்போதுதான் வாரிப்போட்டிருந்தது. ஓரத்தில் பிடுங்கிய வேர்கள் குவிந்து கிடந்தன. பச்சை வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு அந்தப் பக்கம் புதர் தெரிந்தது. என்னமோ தோன்றி அதன் ஓரமாக நடந்தேன். நிழலில் நிறுத்தியிருந்த ஜேசிபியின் டிரைவர் இறங்கி வந்தார். அனகாபுத்தூர்க்காரராம்.

"இன்னா மேடம், உள்ளே பூந்துகினு போறீங்கோ? முள்ளு கீது, புடவை கிய்ஞ்சுடும். பாதிதான் ஆச்சு. புதன்கெய்மை வந்து மிச்சத்தையும் எடுத்துட்டா சும்மா கிளீனா பூடும்."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "என்னம்மா இது, புடவையெல்லாம்?" என்று நித்யா குனிந்தாள். கீழ்க்கரை முழுக்க நாயுருவி விதை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, என்னங்க. வேறு எதை வைத்தும் எனக்கு அந்த இடத்தை அடையாளம் தெரிந்திருக்காது. அந்த விதை தெரியாத விரலா இது?

பிரபாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "இது சாரோட முள்ளுக்காடு தானேப்பா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, இந்த இடத்தைப் பார்க்கிங்குக்குக் குடுத்துட்டாங்க. வேஸ்ட் லேண்ட்னு பேப்பர்ல இருக்கு. நான் எவ்ளோ எழுதிப் பாத்தேன், நடக்கலை. சார் பேர்ல தோட்டம்னா மட்டும் கை வைக்கமாட்டாங்கன்னு தோணுச்சு. தோட்டம்னா கிளீன் பண்ணித்தான் ஆகணும்னுட்டாங்க. சிமென்ட்டுக்கு மரம் தேவலை இல்லையாக்கா?" என்றான். சொல்லும்போதே அழுதான்.

அவனை நான் என்ன சொல்ல? காப்பாற்றத்தான் பார்த்தான். உங்களை நேசித்தவன்தான் உங்கள் இடத்தை வாரிப்போட ஏற்பாடு செய்தான். நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா, தோளில் கை போட்டிருப்பீர்களா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

துணைவேந்தர் புதியவர், உங்களை அறியாதவர். நல்ல மனுஷர்தான். நிலைத்த வளர்ச்சிக்கு என்று தனி மையமே திறந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் இருக்கிறது. மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முப்பது பிள்ளைகளை அதட்டுகிறவளுக்கு அங்கே மெதுவாகத்தான் பேச வந்தது.

"சார், நான் நடலை. மிச்சம் இருக்கறதையாவது அப்படியே விட்டுடுங்க" என்றேன்.

"மேடம், உங்க ஃபீலிங் புரியுது. ஆனா யுனிவர்சிட்டிக்குத் தரம் போட கமிட்டி வருது. எத்தனை கன்னு நட்டீங்க, எவ்ளோ கிரீன் கவர்னு கேப்பாங்க. முள்ளுப் புதரை நான் எப்படிக் காட்டறது?"

"எங்க வீட்டுக்காரர் சர்வீஸ் பூரா அதைத்தானே சார் காட்டிக்கிட்டு இருந்தார்? பேரு அவரோடது வெக்கறீங்க. அவர் செஞ்ச வேலை இதுதான். இங்க எதுவும் நடப்படலைன்னு ஒரு போர்டு எழுதி வெச்சுடுங்க. பிள்ளைங்க வந்து பாக்கட்டும்."

பின்வரிசையில் உங்கள் மாணவிகள் இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். துணைவேந்தர் அவர்களைப் பார்த்தார், அந்தப் புதரைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி மேடம், மிச்சத்தைத் தொடவேண்டாம்னு சொல்லிடறேன். எழுத்துல தர டைம் குடுங்க" என்றார். எழுத்து இன்னும் வரவில்லை. புதன்கிழமை ஜேசிபியும் வரவில்லை. கன்றுகள் விடுதிப் பக்கம் போய்விட்டன.

பாதிதான் மிஞ்சியது. ஜெயித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். வெட்டவெளியாகக் கிடக்கும் அந்தச் செம்மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை இரண்டாவது தடவை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. பக்கத்துப் புதரில் கௌதாரி கத்துமா என்று நேற்று வெகு நேரம் நின்றேன். கத்தவில்லை. ஒருவேளை கத்தியும், நீங்கள் கத்திக் காட்டியதை மட்டுமே கேட்ட எனக்கு நிஜக் குரல் அடையாளம் தெரியவில்லையோ?

பிரபா என்னோடு வந்திருந்தான். வெட்டிய பாதியில் இனி என்ன செய்வது என்று கேட்டேன். "சார் சொன்னதுதான் அக்கா. ஒண்ணும் செய்யக்கூடாது. முதல்ல நாயுருவி மாதிரி வரும், அப்புறம் முள்ளு வரும். முள்ளுல குருவி வந்து உக்காரும். குருவி போடற எச்சத்துல களா வரும்" என்றான். எத்தனை வருஷம் ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு செடிகூட நடமாட்டேன், யாரையும் நடவிடவும் மாட்டேன். ஐப்பசியில் முதல் மழை பெய்யட்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் பேன்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தச் செம்மண்ணில் நின்று நன்றாக உதறுகிறேன். உதறியும் விழாததை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிறேன். அந்த இடத்துது அந்த இடத்துக்கே போகட்டும்.

வீட்டுக்கு வந்து, பேன்ட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிடுகிறேன்.

புடவைக் கரையில் ஒட்டியதை இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கும்
உங்கள் மனைவி
விஜி