படகு வரும் முன் தூக்கிய படம்

மக்கா,

இன்று காலை குழித்துறை தியேட்டர் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையின் வாடை, ரோட்டைத் தாண்டி என் வேனுக்குள் வந்தது. ‘வெற்றிகரமான ஏழாவது வாரம்’ என்று சிவப்பு எழுத்து. பெரிய நடிகர் எவரும் இல்லாத சின்னப் படம். முதல் மூன்று நாளும் தியேட்டரில் ஈ ஓட்டியிருக்கிறார்கள். பிறகு பார்த்தவர்கள் வீட்டில் போய்ச் சொல்லி, வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி, இப்போது ஞாயிற்றுக்கிழமை போனால் டிக்கெட் கிடையாது. தியேட்டர் மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் பெருமையடித்தார்.

“நல்ல படத்த சனம் கைவிடாது தம்பி. நாம கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான்.”

பொறுக்கணுமாம். உன் படத்தைப் பொறுக்காமல் தூக்கியதும் இதே மனிதர்தான். பசை வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேனில் ஸ்கூல் பிள்ளைகள் இருந்ததால் அவர் தப்பித்தார்.

ஆனால் அந்த ஆள்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி உன்மேல். போன ஐப்பசியில் நீ செத்துப்போனதிலிருந்து அதை எங்கே கொண்டு இறக்கி வைப்பதென்று தெரியாமல் திரிகிறேன். செத்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்கிறாள் என் மனைவி. நான் படுவேன். உயிரோடு இருந்தபோது போனை எடுத்திருந்தால் அப்போதே பட்டு முடித்திருப்பேன்.

நீ வயல்காட்டுக்காரன். பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து, வாழைத்தோப்புக்கும் நெல்லுக்கும் நடுவில் வளர்ந்தவன். கடலை நீ பார்த்ததெல்லாம் கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதை வேடிக்கை பார்க்கப் போனபோதுதான். அப்படிப்பட்டவன் ஒருநாள் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, “மக்கா, கடப்புறத்துல ஒரு படம் எடுக்கப் போறேன். ஒன் வேன் வேணும்” என்றாய். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்து பெஞ்சில் இருந்து தூங்கியவன் கேட்கிறான், எப்படி இல்லையென்று சொல்வது? மறுநாளே உன்னை இனயம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரே படகில் போகும் அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை இல்லாமல், கடல் நடுவில் ஒரே சட்டியில் கஞ்சி குடிக்கிற கதை. அண்ணனாக நடிக்க ஆள் தேடி அலைந்து, கடைசியில் நிஜமாகவே படகோட்டுகிற ததேயூஸ் அண்ணனைப் பிடித்தாய். அவருடைய மனைவி பிரிஜித் அக்காளைத் தாயாக நடிக்க வைத்தாய். “கட்டுனவனுக்கே நான் அம்மையா? நீ நல்லா இருப்பியா மோனே?” என்று அவள் உன்னை ஓட ஓட விரட்டியது ஞாபகம் இருக்கிறதா? பிறகு தலைமுடிக்கு வெள்ளை பூசிக்கொண்டு வந்து நின்றாள். முதல் ஷாட்டிலேயே நீ அழுதுவிட்டாய். கேமராக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு எடுப்பதை நிறுத்த, அதற்காக அவரையும் திட்டினாய்.

சென்னையில் படத்தைப் பார்த்த விநியோகஸ்தர், இவர்கள் பேசுவது புரியவில்லை, கீழே எழுத்துப் போடு என்றார். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து! அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தில் கால்வாசி பிறகும் உன்னிடம் மிச்சம் இருந்திருந்தால், இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

பிறகு, தியேட்டர்களில் ஒரு வெள்ளிக்கிழமை காலியாக இருக்கிறது, விட்டால் இனி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நீ ஒப்புக்கொண்டாய். இனயத்துக்கு வந்து தேதியைச் சொன்னபோது பிரிஜித் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள்.

“படகு வந்த பெறவு விடப்படாதா?”

“எப்ப வரும்க்கா?”

“தங்கலுக்கு போனவன் எப்ப வருவான்னு மாதாவுக்குத்தான் தெரியும். மீனு நெறஞ்சா வருவான்.”

கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய், வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதைத்தான் அங்கே தங்கல் என்பார்கள். படத்தில் நடித்த ஆண்கள் அத்தனை பேரும், ததேயூஸ் அண்ணன் உட்பட, அப்போது அந்தப் படகுகளில் இருந்தார்கள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “சினிமா படகுக்காக நிக்காதுக்கா. வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாள்ல தெரிஞ்சிரும்.” அவள் கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள்.

மூன்று நாள். எந்த மடையன் இதைக் கண்டுபிடித்தான்? பச்சரிசியை ஊறப்போட்டு ஆட்டி, புளிக்கவைத்து, ஆப்பம் சுட்டெடுக்கவே ஒரு ராத்திரி பொறுக்கிறோம். ஒருத்தன் இரண்டு வருடம் பாடுபட்டு எடுத்ததை, இடைவேளையிலேயே போனில் தீர்ப்பு எழுதுகிறவனும், ஞாயிறு ராத்திரி வசூல் பார்க்கிறவனும் சேர்ந்து புதைத்துவிடலாமாம். அந்தக் கூட்டத்தின் கணக்கை நீயும் வேதம்போல் நம்பினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நீ குழித்துறை தியேட்டர் வாசலில் நின்று ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்தாய். இனயத்திலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்தாவது பெண்கள் வருவார்கள் என்று நினைத்தாய். வரவில்லை. “வெளியாளு வராதது போட்டும் மக்கா. படத்துல நடிச்ச சனமே வரல்லியே. அவங்களுக்கே புடிக்கல்ல” என்றாய். அந்த மூஞ்சியை என்னால் மறக்க முடியவில்லை. திங்கட்கிழமை உன் படத்துக்கு மத்தியானக் காட்சி மட்டும் கொடுத்தார்கள். அன்றைக்கே நீ சென்னைக்கு பஸ் ஏறினாய், போனையும் அணைத்துவிட்டாய்.

அந்தப் பெண்கள் ஏன் வரவில்லை என்று யாரிடமாவது கேட்டாயா? ஆண்கள் கடலில் கிடக்கும்போது அவர்களை விட்டுவிட்டு உடுத்திக்கொண்டு போய் சினிமா பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதுவும் அந்த ஆண்கள் நடித்த படத்தை! பிறகொரு நாள் நான் கேட்டதற்கு பிரிஜித் அக்கா என்னைத்தான் முறைத்தாள். “ஆளுவ கடல்ல கெடக்கும்போ நாங்க போயி கைதட்டிட்டு வரணுமா? சேந்து பாப்போம்னு வச்சிருந்தோம்.” வச்சிருந்தோம் என்றாள், மக்கா. உன் படத்தை அவர்கள் யாரும் ஒதுக்கவில்லை. விருந்துச் சாப்பாடு மாதிரி, எல்லாரும் வந்த பிறகு தின்ன எடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை படகுகள் வந்தன. நான் அந்த வாரம் பழநிக்குச் சவாரி போய்விட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தேன். படத்தைத் தூக்கிவிட்ட விஷயம் எனக்கே தெரியாது. ததேயூஸ் அண்ணன் போன் பண்ணினார். “வண்டி எத்தன உண்டோ அத்தனையும் கொண்டுவா.” என் இரண்டு வேனும் போதாமல் கூட்டாளியிடம் இன்னொன்று கேட்டு வாங்கினேன். பெண்கள் திருவிழாச் சேலை கட்டியிருந்தார்கள். ஆண்கள் வாரக்கணக்கான தாடியை வழித்துவிட்டு வந்திருந்தார்கள். ததேயூஸ் அண்ணன் படத்தில் போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டையில் வந்தார். வழி முழுக்கப் பாட்டு.

தியேட்டர் வாசலில் வேறொரு பெரிய நடிகரின் கட்அவுட் நின்றது. செண்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் இறங்கி வந்தார். “அது வியாழனோட போயாச்சே! வந்தது வந்திய, இதப் பாருங்க. நல்லா போவுது” என்றார்.

ததேயூஸ் அண்ணன் கட்அவுட்டை மேலும் கீழும் பார்த்தார். “நாங்க எங்க மொகத்த பாக்க வந்தோம் சாரே. வேற எவன் மொகமும் வேண்டாம்.”

ஒருவர்கூட டிக்கெட் எடுக்கவில்லை. பிரிஜித் அக்கா மட்டும் படியில் உட்கார்ந்து, “அவன் எங்க?” என்று உன்னைக் கேட்டாள். நீ அங்கே நிற்பாய் என்று நினைத்து நெய்மீன் பொரித்து இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். அதை என் கையில் தந்தாள். எல்லாரையும் இனயத்தில் கொண்டு இறக்கிவிட்டேன். நெய்மீனை நான்தான் தின்றேன். 

பல நாள் முயன்று உன்னைப் போனில் பிடித்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? “என்னைத் தேத்துததுக்கு நல்லா கத கட்டுத மக்கா.” போட்டோ இருக்கிறதா என்று வேறு கேட்டாய். அந்த நிலைமையில் எவன் போட்டோ எடுப்பான்? சாவுவீட்டில் செல்ஃபி எடுப்பார்களா? நீ சிரித்துவிட்டு வைத்தாய். என் பேச்சைவிட அந்த மேனேஜரின் திங்கட்கிழமைக் கணக்கு உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. உன் அப்பா தவறியபோது அடியந்திரத்துக்கு ஊருக்கு வந்தாய். பதினாறாம் நாள் சாப்பாட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, “இனயத்துக்கு ஒரு நட போயிட்டு வருவோமா?” என்றேன். “எந்த மூஞ்சிய வச்சுகிட்டு?” என்று இலையை மடித்துவிட்டு எழுந்து போனாய். ஒரு மணி நேரப் பயணம், மக்கா. அவ்வளவுதான் தூரம். பிறகு எவனெவனுக்கோ சீரியல் எழுதிக்கொடுத்து, வாடகை அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய்.

உன் தங்கை படத்தின் பிரதியை என்னிடம் தந்தாள். அண்ணன் இதை ஒருதடவைகூடத் திரும்பப் பார்க்கவில்லை என்று சொல்லி அழுதாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாப் படகும் கரைக்கு வந்திருந்த நேரம், இனயத்தில் மாதா கோயில் மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி அதைப் போட்டோம். மறுநாளும் போடச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்துக் கரைக்காரர்கள் வந்து நின்றார்கள். இப்போது ஒவ்வொரு படகும் வரும்போது எனக்குப் போன் வருகிறது. எத்தனை தடவை போட்டாயிற்று என்று எனக்கே தெரியாது. அண்ணனும் தம்பியும் கஞ்சி குடித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிற இடத்தில் திரைக்கு முந்திக்கொண்டு கூட்டமே வசனம் சொல்கிறது. அந்தப் பேச்சுக்குக் கீழே எழுத்து வேண்டுமென்று அங்கே எவனும் கேட்கவில்லை.

முதல் நாள் படம் முடிந்து திரையில் உன் பெயர் வந்தபோது ததேயூஸ் அண்ணன் எழுந்து நின்றார். அருகில் யாரோ உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிடுகிற அந்தக் குரலில், உன் பெயரைப் பார்த்துக் கத்தினார்.

“ஏலே, நாங்க வந்தோம்லே! நீதாம்லே நிக்கல்ல!”

 பிரிஜித் அக்கா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் உன் செவிட்டில் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அது எனக்கு வந்த சத்தம் இல்லை, உனக்கு வந்தது. வாங்கிக்கொள்ள நீ இல்லாததால் நான் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிறேன்.