மடிப்புக்குள் இருந்தது

நிலவு, தென்பள்ள நிலையம். நாள் 112, காலை 7:20

என் அறைக் காற்றாடியின் சத்தம் இன்றைக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. முதலில் கவனித்தது அதைத்தான்.

பாசித் தொட்டிகள் எல்லாம் சரி. ரெஜினாக்கா பட்டறையில் இருக்கிறார். சிலுவை அண்ணன் பனிக்கட்டி வெட்ட வண்டியில் போயிருக்கிறார். பதிவு செய்தவள்: அமலி.

காலை 8:05

காற்றாடியை அடக்க நிலையத்தின் நிரலைத் திறந்தேன். எழுத்தால் எழுதும் நிரலாக இருந்தால், ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை யாரும் தொட விடமாட்டார்கள். எங்களுடையது 'பொருத்தி'. கட்டளைகள் துண்டுகளாகத் திரையில் இருக்கும். இழுத்து வைத்தால் சேரும். சேராதது நழுவி விழும். பிழையாக எழுதவே முடியாது. அதனால்தான் எனக்கு இங்கே வேலை.

காற்றாடித் துண்டை இழுத்து, 'தொட்டி சூடானால் மட்டும்' என்பதற்குள் வைத்தேன். அதன் அடியில், வேறு கட்டளைகளை உள்ளே வைத்து மடித்திருந்த ஒரு துண்டும் கூடவே வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாம் பச்சை காட்டியது. காற்றாடி அடங்கியது.

காலை 9:40

சிலுவை அண்ணன், வானொலியில்: "ஏட்டி அமலி, கம்ப வெளக்கு எங்கட்டி? கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. காத்து வேற கொறையுது."

இந்தப் பள்ளத்தில் வெயில் விழுவதே இல்லை. கம்பத்தின் மேல் சுழலும் விளக்கைப் பார்த்துத்தான் வண்டி திரும்பி வரும்.

மடிப்பைப் பிரித்தேன். உள்ளே முதலில் இருந்தது கம்ப விளக்கு. நான் வைத்த இடத்தில், தொட்டி சூடானால்தான் அது எரியும்.

காலை 9:46

ரெஜினாக்கா: "பல்புதான் போயிருக்கும். நான் ஏறிப் பாக்கேன். அமலி, கேக்குதா? வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும்?"

நான் வானொலியில் பேசுவதில்லை. 'சரி' பொத்தானை அழுத்தினேன்.

பல்பு போகவில்லை என்று சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். பொருத்தியில் 'பின்வாங்கு' அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் யார் எதை மாற்றினார் என்று எல்லாத் திரையிலும் வரும். கையால் மாற்றினால் வராது. அக்கா உடுப்பு மாட்டி ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

காலை 10:08

அவசரத்தில் இரண்டு முறை நழுவி விழுந்தது. விளக்குத் துண்டை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். சேர்ந்தது. பச்சை. சன்னலுக்கு வெளியே வெளிச்சம் சுழன்றது.

சிலுவை அண்ணன்: "வந்துட்டு! ரெஜினா, நீ கெட்டிக்காரிட்டி! வாரேன், சோறு எடுத்து வை."

ரெஜினாக்கா பதில் சொல்லவில்லை.

காலை 10:09

மடிப்பில் இன்னொன்று மிச்சம், இன்னும் 'தொட்டி சூடானால் மட்டும்' என்பதற்குள்ளேயே. 'கம்பத்தில் ஆள் இருந்தால் மின்சாரம் கொடுக்காதே.'

விளக்கை அணைத்துவிட்டேன்.

காலை 10:17

வெளிக்கதவு அறை. உடுப்பின் கைப்பலகையில் எழுதுகிறேன். காற்று முழுதும் இறங்கினால்தான் கதவு திறக்கும்.

இனிமேல் பொருத்தி செய்பவர்களுக்கு. அது நல்ல பொருள். என்னைப் போன்றவர்களுக்கு அது வேண்டும், எடுத்துவிடாதீர்கள். ஆனால் மடித்த துண்டை நகர்த்தும்போது முதலில் திறந்து காட்டச் செய்யுங்கள். சேருகிறதா என்றுதான் அது பார்க்கிறது. மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

அதன் மேல் பழியைப் போடவில்லை. பின்வாங்கு பொத்தான் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அழுத்தியிருந்தால் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே திரும்பியிருக்கும்.

சிலுவை அண்ணன்: "திரும்பவும் இருட்டு. ரெஜினா? ரெஜினா! ஏட்டி அமலி, அவ எங்க? சொல்லுட்டி!"

இதற்கு 'சரி' என்ற பொத்தான் பதிலாகாது.

"வண்டிய நிறுத்துங்கண்ணே. வெளக்க அணைச்சது நான். காலைல கெடுத்ததும் நாந்தான். அக்கா கம்பத்துல இருக்காங்க, பேச மாட்டேங்காங்க" என்றேன்.

கதவு திறந்தது. கம்பத்தில் ஏறினேன்.