மூன்று மணி பஸ்ஸுக்கு முன்னால்

நேற்று பழைய தலையணைகளைப் பிரித்துப் போட்டேன். உறை நைந்துபோய், அழுத்தினால் ஓரத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தது. மொட்டை மாடியில் பாயை விரித்துத் தையலைப் பிரித்தேன். இலவம் பஞ்சு சொன்ன பேச்சைக் கேட்குமா? மேற்கே மலைப்பக்கமிருந்து வந்த காற்றுக்கு எழுந்து பறந்து, என் தலையிலும் புருவத்திலும் வந்து உட்கார்ந்தது. எடுப்பதற்குக் கையைத் தூக்கியவள் பாதியில் நின்றுவிட்டேன். கை என் புருவத்துக்குப் போகவில்லை. எதிரில் யாரோ நிற்பதுபோலக் காற்றில் நீண்டிருந்தது, ஒரு காதுமடல் உயரத்துக்கு.

உங்கள் காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு இருக்கும். முந்தின நாள் மில்லிலிருந்து கொண்டுவந்தது. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அது மட்டும் போகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், புருசனைத் தொடுவதற்கு எனக்குக் கிடைத்த சாக்கு அந்தப் பஞ்சு ஒன்றுதான்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்காமல் என் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் என்றால், ஊரில் யார் போனை எடுத்தாலும் முதலில் நம்பர் கேட்பது அவள்தானே, முன்பின் தெரியாத ஆம்பளைகளோடெல்லாம் பேச வேண்டி வருமே என்று உங்கள் பெரியப்பா இழுத்தார். நீங்கள்தான் நேராக என்னைப் பார்த்துக் கேட்டீர்கள், "உங்களுக்கு டூட்டி எத்தன மணிக்கு முடியும்?" அது ஒரு கேள்வியா என்று அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நம் வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடப்போகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மீனா பிறந்ததும் என் பிரசவ விடுப்பு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் அம்மா படுக்கையில் இருந்தாள், உங்கள் அம்மா நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். சோழபுரத்திலிருந்து உங்கள் அக்கா, என் மதினி, வந்தார். வயலை விட்டுவிட்டு வந்தவர், அன்றைக்கே திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏலே, அவள வேலைய விடச் சொல்லு. பச்சப்புள்ளய விட்டுட்டுப் போயி யாருக்கோ போன் போட்டுக் குடுக்கணுமாக்கும்?"

நீங்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னீர்கள். "நா மில்லுல ரெண்டாம் ஷிப்ட்டு கேட்டிருக்கேங்க்கா. காலைல நா பாத்துக்கிடுவேன். மத்தியானத்துக்கு மேல அவ பாத்துக்கிடுவா."

"நீ பாத்துக்கிடுவியா? புள்ளைக்குக் கால் கழுவி விடுவியா?"

"கழுவுதேன். எம்புள்ளதான?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

ராஜபாளையத்தில் உங்கள் மில்லில் ஷிப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறும். மாலை தொடங்கி நடுராத்திரியில் முடிகிற இரண்டாம் ஷிப்டை யாருமே விரும்ப மாட்டார்கள். ஊர் சினிமா பார்க்கிற நேரம் அது, கடைத்தெருவுக்குப் போகிற நேரம், பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிற நேரம். அந்த ஷிப்டை நீங்கள் நிரந்தரமாகக் கேட்டு வாங்கியபோது உங்களைப் போல மெஷின்களைப் பழுது பார்க்கும் மற்ற பிட்டர்கள் உங்களைப் பைத்தியக்காரன் என்றார்களாம். சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்களாம்.

அப்படித்தான் நம் குடித்தனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. இருட்டு பிரியும்போது நான் எழுந்து, தூங்கும் உங்கள் இருவரையும் தாண்டி எக்ஸ்சேஞ்சுக்குப் போவேன். இரண்டரை மணிக்கு டூட்டி முடியும். மடவார் வளாகத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் மீனாவைத் தோளில் போட்டு, பால்புட்டியும் துணியும் இருக்கிற ஒயர்கூடையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பீர்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உங்களுக்கு ஷிப்ட். கொய்யாப்பழம் விற்கிற ஒரு அக்காவின் கூடைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழல் விழும் சிமெண்ட் பெஞ்சு. அதுதான் நம்முடைய கூடம், நம்முடைய படுக்கையறை, நம்முடைய பஞ்சாயத்து மேடை எல்லாம்.

இப்போது நினைத்தால் அந்த மத்தியானங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மத்தியானமாகத் தெரிகின்றன. வெயிலில் தார் இளகிய மணம், திருநெல்வேலி பஸ் கிளப்பிவிட்டுப் போகும் புழுதி, அதற்குள் தங்கம் போல மிதக்கும் வெளிச்சம். உங்கள் தோளிலிருந்து என் தோளுக்குத் தூங்குகிற பிள்ளை மாறுவாள். சாவி மாறும். "ரெண்டு தடவ வயித்தால போனா. ஓமத்தண்ணி குடுத்திருக்கேன். ரசம் அடுப்புல இருக்கு." முக்கியமானதை முதலில் சொல்ல நாம் பழகியிருந்தோம். அதற்குப் பிறகும் நேரம் இருந்தால் மட்டும்தான் மற்றது. ஒருநாள் பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "இந்தச் சேல நல்லாருக்கு" என்று கத்தினீர்கள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நான் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வேன்?

நாம் இரண்டு பேரும் ஆசையாகப் பேசிக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. மீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நீங்கள் பகல் ஷிப்டுக்கு மாறுவது. மற்ற வீடுகளைப் போல நம் வீட்டிலும் சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சாயங்காலங்களை எத்தனை விதமாகக் கட்டிப் பார்த்திருப்போம்!

அது வந்தது. வந்த முதல் வாரமே ஏதோ பிசகிவிட்டது.

ஒரே சமையலறையில் இத்தனை காலமும் இரண்டு பேர் தனித்தனியாக ஆண்டிருக்கிறோம். தீப்பெட்டி உங்களுக்குப் பரணில் இருக்க வேண்டும், எனக்கு அடுப்போரத்தில். ஒருவர் வைத்ததை மற்றவர் தேடி, எரிச்சலோடு எடுத்து வேறு இடத்தில் வைப்போம். மீனா நான் வைத்த குழம்பை ஒதுக்கி, "அப்பா வச்சாத்தான் சாப்பிடுவேன்" என்றாள். நான் எக்ஸ்சேஞ்ச் கதையைச் சொல்லத் தொடங்கினால் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெஞ்சில் ஒரு நிமிடத்தில் சொன்ன கதைக்கு அப்படிச் சிரித்தவர், அதையே சாவகாசமாகச் சொன்னால் கொட்டாவி விட்டீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தபின் கிடைத்த அந்த நீண்ட நேரத்தை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த பயணிகளைப் போல இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போவதாக ஏற்பாடு. புளியோதரை கிண்டியது நீங்கள். மீனா விடியற்காலையிலேயே புதுக் கவுன் போட்டு வாசலில் நின்றாள். அப்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்தான். இன்னொரு ஆபரேட்டருக்குக் காய்ச்சல், நான் உடனே வர வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன். நீங்கள் புளியோதரைத் தூக்கின் மூடியை ஓங்கி அடித்தீர்கள்.

"வேலைய விட்டுரு. போதும்."

ஊரே சொன்னது அது. மதினி சொன்னது, எதிர்வீட்டில் சொன்னது, என் அப்பாவே ஒருமுறை சொன்னது. நீங்கள் மட்டும் சொன்னதில்லை. அதனால்தான் அத்தனை பேருக்கும் நடுவில் என்னால் நடக்க முடிந்தது.

"யாரு வேணும்னாலும் இதச் சொல்லட்டும். நீங்க சொல்லக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அன்று முழுக்க போர்டில் எந்த விளக்கு எரிகிறது, எந்த ஒயரை எங்கே செருகுகிறேன் என்று தெரியாமல் வேலை பார்த்தேன்.

பிறகு வந்த நாட்களில் நம் பேச்சு மீனா வழியாக நடந்தது. "அப்பாகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லு." "அம்மாகிட்ட பசிக்கலன்னு சொல்லு." அவளுக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. அப்புறம் ஒருநாள், "நீங்களே சொல்லிக்கோங்க" என்று அழுதாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த வீடு இப்படியே உறைந்துவிடுமோ என்ற பயம்.

மறுநாள் டூட்டி முடிந்து வழக்கம்போல பஸ் ஸ்டாண்டைக் கடந்து நடந்து வந்தேன். பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளையும் இல்லை, கூடையும் இல்லை. மடியில் வெறும் கை.

"மில்லுக்குப் போகலையா? மேலுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. அரை நாள் லீவு போட்டேன். ஒங்கூடப் பேசணும். வீட்டுல வச்சு எனக்குப் பேச வரமாட்டேங்கு."

உட்கார்ந்தேன். மூன்று மணி பஸ் வந்து நின்றது. நீங்கள் அதைப் பார்த்ததும் அவசரமாக, பழைய வழக்கப்படி, முக்கியமானதை முதலில் சொன்னீர்கள்.

"சரசு, காலைல எனக்கு வெறிச்சுன்னு இருக்கு. இத்தன வருசம் நானும் அவளும் மட்டும் இருப்போம். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சட போட்டு... இப்ப அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. நீ ஒன் வேலைக்குப் போயிடுத. எனக்கு மட்டும் கையில இருந்தத புடுங்கிட்ட மாதிரி இருக்கு. அந்தக் கோவத்த யாருகிட்டக் காட்டன்னு தெரியாம ஒம்மேல எறக்கிட்டேன்."

பஸ் கிளம்பியது. நீங்கள் ஏறவில்லை. பிள்ளை வளர்ந்து கையை விட்டுப் போகும்போது தாய்மார்கள் இப்படித்தான் நிலைகொள்ளாமல் தவிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வேலைக்குப் போனதில், எனக்கு வர வேண்டிய அந்தத் தவிப்பு இடம் மாறி உங்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உங்கள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் கொய்யாப்பழம் விற்கிற அந்த அக்கா தன் கூடையை விட்டு எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒருவழியா சேந்துட்டியளாம்மா?"

நாம் இருவரும் விழித்தோம்.

"எத்தன வருசமாப் பாக்கேன்! கோர்ட்டுல தீத்து விட்டு, காலைல அப்பங்கிட்ட, சாயந்தரம் ஆத்தாகிட்டன்னு புள்ளயப் பிரிச்சு விட்டுட்டாகளோன்னு நெனச்சேன். நல்லா இருக்க ரெண்டு பேருக்கு இப்பிடி ஆகிப்போச்சேன்னு ஆண்டாளுக்கு வேண்டிக்கிட்டேன். இனிமே பிரியாதிய."

உண்மையில் பிரிந்திருந்த நாட்களில் நாம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். சிரிப்பு முற்றிக் கண்ணீராக வழிந்தது. அவர் மடியில் போட்ட கொய்யாவைக் கடித்துக்கொண்டே, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு இருவருமாக மீனாவைக் கூப்பிடப் போனோம். வாசலில் நம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தவள் ஓடி வரவில்லை. நின்று, நிதானமாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை விடு என்ற சொல் திரும்ப வரவில்லை. மீனாவுக்குச் சடை போடுவது அவள் பெரியவளாகும்வரை உங்கள் உரிமையாகவே இருந்தது, நான் தலையிடவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றீர்கள். மதினிகூட வந்திருந்தார், மாலையோடு.

இப்போது நீங்கள் இல்லாத வீட்டுக்கு மீனா மாதம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். வரும்போதெல்லாம் உங்கள் காலைகளில் ஒன்றை எனக்குக் கொண்டுவருகிறாள். நீங்கள் பல்லிக்குப் பயப்படுவீர்கள் என்பது எனக்குத் தெரியாது. துணி துவைக்கும்போது பெண் குரலில் தாலாட்டுப் பாடுவீர்கள் என்பதும் தெரியாது. உங்களோடு வாழ்ந்தவள் நான்தான். ஆனால் காலை நேரத்து மனிதரை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்கிறேன்.

நேற்று பஞ்சை அடைத்துத் தைக்கும்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

"நா அழுதா அப்பா என்னைய மெடிக்கல் கடைக்குத் தூக்கிட்டுப் போவாரும்மா. கடைக்காரர் போன எடுத்துத் தருவாரு. அப்பா அத எங்காதுல வச்சு, 'அம்மா பேசுதா, கேளு'ம்பாரு. ஒங்கொரல் கேக்கும். நா அழுகைய நிறுத்திருவேன். 'அம்மாட்டச் சொல்லிராத, டூட்டில வெளாண்டா அவளத் திட்டுவாக'ன்னுவாரு."

ஊசி என் கையில் நின்றுவிட்டது. அந்த மெடிக்கல் கடையின் விளக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. போர்டில் கீழ் வரிசையில், சில காலைகளில் எரியும். ஒயரைச் செருகிக் கேட்டால் பதில் வராது. மூச்சு மட்டும் கேட்கும், யாரோ மிகச் சிறியவர் விடுகிற மூச்சு. கடைப்பையன் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

"நம்பர் சொல்லுங்க. ஹலோ, நம்பர் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு ஒயரைப் பிடுங்கிவிடுவேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்திருக்கும். அம்மாவுக்கு வேலை அதிகம் என்று பிள்ளையிடம் நீங்கள் சமாதானம் சொல்லியிருப்பீர்கள்.